ஐந்து நட்சத்திரத்தில் என் பங்கு

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன கட்டினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாம்பலம் ஸ்டேஷனை ஒட்டிய சந்தில் ஒரு மாவு மில். அங்கே மில் வரக்கூடாது என்று சந்தே கூடிக் கையெழுத்துப் போட்டது, வந்தது. மில்லுக்கு மேலே வீடு. கீழே மோட்டார் ஓடினால் மேலே சுவர் பிளக்கும் என்று படித்த இன்ஜினியர் ஒருவர் சொன்னார். இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. சைதாப்பேட்டையில் இரண்டாவது மில். இரண்டு மழையில் அதற்குள் வெள்ளம் புகுந்தது. இரண்டு தடவையும் மோட்டாரை நானே பிரித்து, மொட்டை மாடியில் காயப்போட்டு ஓட்டினேன். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று என் சொந்தக்காரர்கள் கேட்டார்கள்; அவள் இன்று லண்டனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. விமானமே ஏற மாட்டேன் என்று சத்தியம் செய்த என் மனைவியை, தலை சுற்றாமல் லண்டன் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இந்த ஒன்றுக்கு மட்டும் பெயர் எனக்கு வரவில்லை. மொச்சைக்கொட்டை சைஸில் இருக்கும் இரண்டு சாமான் தட்டிக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மில்லைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால்தான் பிறகு நடந்தது விளங்கும். மில் ஓடும்போது வாயால் பேச முடியாது. எனக்கும் என் மனைவிக்கும் முப்பத்தைந்து வருஷமாகத் தட்டுதான் பேச்சு. அவள் தொட்டியில் கோதுமையைக் கொட்டுவாள். நான் பின்னால் நின்று மோட்டாரைப் பார்ப்பேன். முதுகில் ஒரு தட்டு தட்டினால் நன்றாக ஓடுகிறது, கொட்டு என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் முடிந்தது, நிறுத்து.

இன்னொன்று, ஓடுகிற சத்தம் திடீரென்று விழுந்தால் பெல்ட் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அறுந்த பெல்ட் சாட்டை மாதிரி சுழன்று வரும். யார் காதில் முதலில் படுகிறதோ அவர் "நின்னுச்சு!" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டவர் "கைய எடு, தள்ளிப் போ!" என்று கத்திக்கொண்டே பின்னால் குதிக்க வேண்டும். யோசிக்கவே கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியது நான். எங்கள் இரண்டு பேருக்கும் இருபது விரலும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக டெல்லிக்கு விமானத்தில் போனோம். கடைசி வரிசை. போய் இறங்கியதும் அவளுக்குத் தலை சுற்றல். மூன்று நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கல்யாணச் சாப்பாட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. காதில் கோளாறு இல்லை, அந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். திரும்பி வந்தது ரயிலில்.

"முப்பது வருசமா மில்லு மேலயே தூங்குறவ நீ. உனக்கு இன்னா சத்தம் ஒத்துக்கல?" என்று கேட்டேன்.

"அது நம்ம மில்லு. எங்க ஏறும், எங்க எறங்கும்னு எனக்குத் தெரியும். இது எவன் மில்லோ!" என்றாள்.

போன வருஷம் மகள் மாசமாக இருந்தாள். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, பிரசவம் முன்னாலேயே ஆனாலும் ஆகும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். வீடியோவில் கூப்பிட்டு அழுதாள். "நைனா, பக்கத்துல ஆளே இல்ல. அம்மாவ எப்படியாச்சும் கூட்டினு வா நைனா."

மனைவியும் அழுதாள். ஆனால், "கப்பல் இருந்தா சொல்லு, இப்பவே வரேன். அதுல மட்டும் ஏத்தாத. நான் மயங்கி விழுந்தா, பெத்த அம்மாவ அவ பாக்கறதா, அவள நான் பாக்கறதா?" என்றாள். கேள்வியில் நியாயம் இருந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளை அந்த இயர்பட்ஸை அனுப்பினார். காதில் சொருகிக்கொண்டால் விமானச் சத்தத்தை அதுவே அமுக்கிவிடுமாம். "மாமா, இதப் போட்டா அத்தைக்கு ஃப்ளைட்ல ஏறினதே தெரியாது," என்றார். மாப்பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் எந்தச் சாமானையும் ஓட்டிப் பார்க்காமல் வாங்குகிறவன் நான் இல்லை.

மனைவி தொட மாட்டேன் என்றுவிட்டாள். நானே போட்டுக்கொண்டு மில்லில் போய் நின்றேன். பெரிய கல் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சொன்னபடி அதிலிருந்த பொத்தானை அமுக்கினேன். அடேயப்பா! யாரோ கல்லின் மேல் பஞ்சு மெத்தையைப் போட்டு உட்கார்ந்த மாதிரி சத்தம் அடங்கிவிட்டது. சக்கரம் கண்ணெதிரே சுற்றுகிறது, சத்தம் மட்டும் எங்கேயோ கிண்டியில் கேட்கிறது.

அந்த நேரம் மயிலாப்பூரிலிருந்து வருகிற பழைய வாடிக்கைக்கார மாமி ஒருவர் சாம்பார்ப்பொடிச் சாமானோடு வந்து நின்றார். "காதுல என்னத்தை வெச்சுண்டு நிக்கறேள்? எனக்கு முன்னாடி யாருக்காவது மிளகாய் அரைச்சேளா? கல்லைத் துடைச்சுட்டு அரையுங்கோன்னு எத்தனை தரம் சொல்றது?" என்றார்.

ஒவ்வொரு வார்த்தையும் மணி மணியாகக் கேட்டது. இத்தனை வருஷமாக அவர் ஏதோ சொல்வார், நான் தலையாட்டுவேன். சௌக்கியம் விசாரிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ரங்கநாதன் தெருவிலும் நடந்து பார்த்தேன். அங்கே அது தோற்றுப்போனது. கூவி விற்கிற ஒவ்வொரு குரலும் உள்ளே வந்தது. ஆக, ஒரே சுதியில் ஓடுகிற சத்தத்தைத்தான் அது தின்னும். கத்தலையும் கூவலையும் விட்டுவிடும். விமானம் ஒரே சுதியில் ஓடுவது. அதற்கு இது சரிப்படும் என்று நானே முடிவு கட்டி மாப்பிள்ளைக்குச் சொன்னேன். "அட்டைப்பெட்டிலயே போட்டிருக்கே மாமா," என்றார். படித்துத் தெரிந்துகொள்வது வேறு.

மகள் இன்னொரு தடவை அழுததில் மனைவி இறங்கி வந்தாள். காலை விமானம். அவளுக்கு ஜன்னல், எனக்கு நடு இருக்கை. எனக்கு வலது பக்கம் வேளச்சேரியில் குடியிருக்கிற ஒரு பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை. மனைவி சாமி கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் காதில் எதையும் வைக்கக் கூடாது என்றாள். அவள் முடிப்பதற்குள் விமானம் ஓடி, மூக்கைத் தூக்கிவிட்டது. சத்தம் மண்டைக்குள் ஏறியது. அவள் முகம் வெளுத்தது. நான் சட்டென்று இரண்டையும் அவள் காதில் சொருகி அமுக்கினேன்.

மறு நொடி அவள் கண் முழி பிதுங்கியது.

"நின்னுச்சு!" என்று கத்தினாள்.

நான் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்பதுதானே வழக்கம்! "கைய எடு, தள்ளிப் போ!" என்று கத்திக்கொண்டே எழுந்து குதித்தேன். இடுப்பில் கட்டியிருந்தது என்னை இருக்கையில் இழுத்துப் போட்டது. வேளச்சேரிப் பெண் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். முன்வரிசையில் ஒருவர், "என்ன சார் நின்னுச்சு? என்ன நின்னுச்சு?" என்று கேட்டார். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. மில்லில் இந்த வேகம் இருந்தால் பாராட்டுவார்கள்.

விமானம் மேலே போய்ச் சமநிலைக்கு வந்ததும் விமானப் பணிப்பெண் வந்து இங்கிலீஷில் கேட்டார். வேளச்சேரிப் பெண் மொழிபெயர்த்தாள். "என்ன நின்னுச்சுன்னு கேக்கறாங்க அங்கிள்."

"ஒண்ணும் நிக்கல, நல்லா ஓடுதுன்னு சொல்லுமா."

அதற்குள் மனைவி இரண்டையும் பிடுங்கி மடியில் போட்டிருந்தாள். "மிசின் நின்னுச்சுய்யா!"

"நிக்கல. ஓடுது."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேக்கக் கூடாதுன்னுதான மாப்ள அனுப்பிச்சாரு."

"கேக்காம ஓடுற மிசின நான் எப்படிய்யா நம்பறது?"

நான் மில்லில் சோதித்தபோது சக்கரம் கண்ணெதிரே சுற்றியது. இங்கே எதைக் காட்டுவது? ஜன்னல் வழியாகப் பார்த்தால் இறக்கை அசையாமல் நிற்கிறது.

காதில் இல்லாவிட்டால் சத்தம். பத்து நிமிஷத்தில் முன் இருக்கையில் நெற்றியை வைத்துக்கொண்டு, "சுத்துதுய்யா," என்றாள். வைத்தால் பயம், உடனே பிடுங்கிவிடுகிறாள். ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தோம். "ஒரு பக்கம் மில்லு, ஒரு பக்கம் கல்லறை. இது அதுக்கு மேல," என்றாள். பிறகு, "எறக்கி வுடச் சொல்லு," என்றாள்.

"எங்க எறங்குவ? கீழ கடல் கீது."

வேளச்சேரிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சிரிமா, சிரி. பத்து மணி நேரம் கீதாம். நான் போய்ச் சேர்றதுக்குள்ள எம் பொண்ணு அங்க தனியாப் பெத்துடுவா," என்று சொல்லும்போது மனைவிக்குக் குரல் உடைந்தது. அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. இரண்டையும் எடுத்து அவள் காதில் திரும்ப வைத்தேன். அமுக்குவதற்கு முன் சொன்னேன்: "நீ கேக்காத. நான் கேக்கறேன். ஓடிக்கினு கீற வரைக்கும் தட்டிக்கினே இருப்பேன்." அவள் கையை என் இடது கைக்குக் கீழே வைத்து ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டினேன். நன்றாக ஓடுகிறது, கொட்டு.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணை மூடினாள். இன்னொரு தட்டு. தோள் இறங்கியது. இருபதாவது தட்டிலோ முப்பதாவது தட்டிலோ குறட்டை வந்தது. குறட்டையை அந்தக் கருவி தின்னவில்லை. அது முழுக்க எனக்குத்தான்.

அதற்கப்புறம் நான் தூங்கவில்லை. வலது கையால் சாப்பிட்டேன், இடது கையால் தட்டினேன். நடுவில் விமானம் குலுங்கியது. எனக்குப் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம், விரல் தானாகக் கொஞ்சம் வேகமெடுத்தது. அவள் ஒரு கண்ணைத் திறந்து, "இன்னா, லோடு ஜாஸ்தியா?" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டாள்.

ஒரு தடவை பாத்ரூம் போக வேண்டியிருந்தது. வேளச்சேரிப் பெண்ணை என் இடத்தில் உட்கார வைத்து, எப்படித் தட்ட வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் மனைவி கண் மூடியபடியே, "யாரு இது, புது ஆளா? கை இன்னும் பழகல," என்றாளாம். அந்தப் பெண் படித்த படிப்புக்கு இது வரவில்லை.

பாதி வழியில் கருவிக்குச் சார்ஜ் தீர்ந்து, திரும்ப ஏறுவதற்காக அதன் டப்பாவில் வைக்க வேண்டியதாயிற்று. அந்த நேரம் முழுக்க என் இரண்டு உள்ளங்கையாலும் அவள் காதைப் பொத்திக்கொண்டு, விரலால் அவள் மண்டையில் தட்டினேன். பின்னால் அழுத குழந்தைச் சத்தம் எதிலும் நிற்கவில்லை. இறங்கும்போது காது அடைப்பதற்கும் அந்தக் கருவியிடம் வைத்தியம் கிடையாது. சட்டைப்பையில் நான் வைத்திருந்த புளிப்பு மிட்டாய்தான் உதவியது.

லண்டனில் சக்கரம் தரையைத் தொட்டு, விமானம் மெதுவாகப் போய் நின்றது. அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் இரண்டு தட்டு தட்டினேன். முடிந்தது, நிறுத்து. இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்தாள். எழுந்தாள். எதையும் பிடிக்காமல், அந்தக் குறுகலான நடுவழியில் நூல் பிடித்த மாதிரி நேராக நடந்தாள். மகளைப் பார்த்ததும் ஓடினாள். ஐந்தாம் நாள் பேத்தி பிறந்தாள். பேத்தியை முதலில் வாங்கிய கை என் மனைவியுடையது; அந்தக் கையில் நான் தட்டிய இடம் கொஞ்சம் சிவந்திருந்தது என்று நான் நம்புகிறேன்.

திரும்பி வரும்போதும் நான்தான் தட்டினேன். இப்போது மாம்பலத்தில் என்ன நடக்கிறது? மாப்பிள்ளை அந்த இயர்பட்ஸை வாங்கிய இடத்தில், "என் மாமியார் பத்து மணி நேரமும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே வந்தார். எல்லாம் இதனால்தான்," என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார். அது குடும்ப வாட்ஸப்பிலும் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். மயிலாப்பூர் மாமி மில்லுக்கே வந்து, "உங்க மாப்பிள்ளை என்னமா பார்த்து வாங்கி அனுப்பியிருக்கார்! எனக்கும் அந்தப் பேர் எழுதிக் குடுங்கோ," என்றார். மனைவி உள்ளேயிருந்து தலையை நீட்டி, "ஆமா மாமி, அதப் போட்டா ஒண்ணுமே தெரில," என்றாள். நான் பக்கத்திலேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அவளிடம் பேசவில்லை. "இன்னாய்யா மொறைக்கிற?" என்று கேட்டாள். ஆள்காட்டி விரலைக் காட்டினேன். "அதுக்கு இன்னா இப்போ? முப்பத்தஞ்சு வருசமா தட்டினுதான கீற," என்றாள்.

நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கருவி நல்ல கருவி. சுதி மாறாத சத்தத்தை அது அமுக்குகிற மாதிரி பஞ்சு அமுக்காது. ஆனால் அது சத்தத்தைத்தான் அமுக்கும், பயத்தை அமுக்காது.

பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை அந்த எழுத்தைத் திருத்த வேண்டும். கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்: "இதோடு என் மாமனாரின் இடது கை ஆள்காட்டி விரலும் வேலை செய்தது." ஐந்து நட்சத்திரத்தில் மூன்றைக் கருவி வைத்துக்கொள்ளட்டும். இரண்டு எனக்கு வர வேண்டும். வராவிட்டால், இந்தத் தடவை மாப்பிள்ளையே சென்னைக்கு வந்து, நடு இருக்கையில் உட்கார்ந்து, லண்டன் வரைக்கும் தட்டிக்கொண்டே அழைத்துப் போகட்டும்.