வாய்விட்டுச் சொன்ன ஓட்டு

எங்கள் கிளென்பர்னில் கேவின் பர்டியைக் கோழை என்று யாரும் சொன்னதில்லை. முரட்டுக் குதிரைக்கும் ஒற்றை ஆளாக லாடம் அடிப்பார். 1866 தேர்தலில் மேடையேறி, சேணம் தைக்கும் ஆர்ச்சி லெய்ட்லாவின் பெயரை முன்மொழிந்தவரும் அவர்தான். இருவரும் ஒரே கப்பலில் கடல் தாண்டி இந்த ஒட்டாகோ மாகாணத்துக்கு வந்து இறங்கியவர்கள்.

எதிர்த்து நின்றவர் மேஜர் தோர்ப். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேய்ந்த ஆடெல்லாம் அவருடையது. பர்டியின் பட்டறை நின்ற நிலமும் அவருடையதுதான்.

தேர்தலுக்கு முந்தின வாரம் மேஜரின் காரியஸ்தன் க்ரூ தன் குதிரைக்கு லாடம் அடிக்கப் பட்டறைக்கு வந்தான்.

"குத்தகை இந்தக் குளிரோட முடியுதாமே, பர்டி?"

அவ்வளவுதான் சொன்னான்.

அப்போதெல்லாம் ரகசிய ஓட்டு கிடையாது. அதிகாரியின் மேஜை முன்னால் நின்று பெயரை வாய்விட்டுச் சொல்லவேண்டும். வரிசையில் பர்டிக்குப் பின்னால் நான் நின்றேன். மேஜைக்கு ஒரு பக்கம் க்ரூ, மறுபக்கம் லெய்ட்லா.

"யாருக்குய்யா ஓட்டு?" என்றார் அதிகாரி.

பர்டி தொப்பியைக் கழற்றினார். "தோர்ப்."

"காதுல விழல. உரக்கச் சொல்லும்."

"தோர்ப்!"

"மேடையில கத்தினது வேற பேராச்சே!" என்று யாரோ கூவ, கூட்டம் சிரித்தது. லெய்ட்லா சிரிக்கவில்லை.

லெய்ட்லா பதினாலு ஓட்டில் தோற்றார். பர்டியின் ஓட்டு எதையும் மாற்றியிருக்காது. அதைவிடக் கொடுமை, மேஜரின் இன்னொரு குத்தகைக்காரரான கிழவர் மங்கோ, லெய்ட்லாவுக்கே ஓட்டுப் போட்டிருந்தார். மேஜரின் ஆட்கள் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை லெய்ட்லா வழக்கம்போல் குதிரையோடு பட்டறைக்கு வந்தார். நானும் அங்கிருந்தேன்.

"ஆர்ச்சி, என்னை ரெண்டு வார்த்தை திட்டிடுப்பா."

"எதுக்குடா? நாலு புள்ளைங்க இருக்கு உனக்கு. உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

பர்டி குனிந்து குளம்பைத் தூக்கினார். ஆர்ச்சி அப்படிச் செய்திருக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும்.

அந்தக் குளிர்காலத்தில் லெய்ட்லா தங்கம் தேடி மேற்குக் கரைக்குப் போனார். அங்கே ஓர் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போய்விட்டது.

ஐந்து வருடம் கழித்து ரகசிய ஓட்டு வந்தது. பர்டி சீட்டோடு திரைக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வரவில்லை. அதிகாரி கூப்பிட்டுப் பார்த்தார்.

"என்னய்யா, பேர் தெரியலையா?"

"தெரியுது" என்றார் பர்டி உள்ளிருந்து. "அவன் பேர்தான் இதுல இல்ல."