குறை சொல்லி விற்ற கார்

அவர் பல்செட் செய்கிறவர். முப்பத்தொரு வருஷம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் உட்கார்ந்து, ஊரில் பாதிப் பேருக்கு வாயை நிரப்பிக் கொடுத்தவர். அவர் செய்த பல்லைப் போட்டுக்கொண்டு சிரித்தவர்கள் யாருக்கும் அவரைத் தெரியாது. பேரெல்லாம் டாக்டருக்குப் போய்விடும். அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவரைத் தெரிந்தவர்கள் அவருடைய காரை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

கார் என்றால் தெருவில் போகிற கார் இல்லை. இரண்டே கதவு, அவையும் மற்றக் கார்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். வெளிறிய பச்சை நிறம். அந்த ரகத்தில் மொத்தம் அறுநூறு வண்டிதான் செய்தார்கள், செய்த கம்பெனி அதோடு படுத்துவிட்டது. ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஓர் அச்சாபீஸின் பின்னால், காகிதக் கட்டுகளுக்கு அடியில் கிடந்ததை அவர் கண்டுபிடித்து வாங்கினார். அப்போது ஜன்னல் ஏற்றும் கைப்பிடி இரண்டும் இல்லை, கியர் கம்பியின் தலையில் குமிழும் இல்லை. மனிதர் தன் தொழிலையே காருக்குக் கொண்டுவந்துவிட்டார். மெழுகில் வடிவம் செய்து, அச்செடுத்து, பல்செட்டின் ஈறுக்கு வைக்கிற அதே ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கை வைத்து, வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டினார்.

“கதவைத் தெறந்தா யாரோ வாயைத் தெறந்த மாதிரி இருக்கு” என்றாள் அவர் மனைவி, முதல் முதலாக ஏறி உட்கார்ந்த அன்றைக்கு. அதற்கப்புறம் முப்பது வருஷம் அந்தக் காரை அவள் ‘உங்க மூத்தவ’ என்றுதான் சொன்னாள்.

வீடு கட்டும்போதும் மூத்தவளுக்குத்தான் முதல் மரியாதை. மனை குறுகல். கீழே முழுக்கக் கார் கொட்டகை, அதன் பின்மூலையில் ஒரு குழாயும் கக்கூஸும். ஓரமாக ஏறுகிற இருபத்திரண்டு படிக்கு மேலேதான் சமையலறை, படுக்கையறை, மனிதர்கள் எல்லாம். கொத்தனார் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “காருக்கு வீடு கட்டிட்டு நீங்க மேல வாடகைக்கு இருக்கப் போறீங்களா?” என்று கேட்டார். இவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, நின்றுகொண்டே மதியம்வரை பேசுவார்கள். பேச்சில் பாதி, இருக்கிற கார்களைப் பற்றி. மீதிப் பாதி, விற்றுவிட்ட கார்களைப் பற்றி. கண் டாக்டர் ஒருவர் தன் காரை விற்ற பிறகு இரண்டு வருஷம் வாராவாரம் எண்ணெய் டப்பாவோடு போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் வாங்கியவர் பொறுக்க மாட்டாமல், “சார், நீங்க காரை வித்தீங்களா, பொண்ணைக் கட்டிக் குடுத்தீங்களா?” என்று கேட்டுவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர் காரை விற்றாலும் ஹாரனை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டார். சாப்பாட்டு வேளையில் அதை அடித்துத்தான் வீட்டாரைக் கூப்பிடுகிறார். சங்கத்தில் மூத்தவர், சட்டென்று கொதித்துப்போவதால் ‘ரேடியேட்டர்’ என்று பெயர் வாங்கியவர், தன் காரை விற்று எட்டாம் நாள் கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவுக் கதை. நம்மவர் மட்டும் கேட்டுக்கொண்டு நிற்பார். அவரிடம் சொல்ல அப்படி ஒரு கதை இல்லை.

சங்கத்தில் விற்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. விற்கிறவர், வாங்க வந்தவரைக் கூட்டிக்கொண்டு காரை ஒரு முறை சுற்றிவர வேண்டும். எங்கெல்லாம் குறை இருக்கிறதோ அங்கெல்லாம் கையை வைத்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நல்லதைச் சொல்லக்கூடாது, அதை வாங்குகிறவரே கண்டுகொள்வார். சுற்றி முடித்ததும் சாவியை வாங்கிக்கொண்டால் கார் அவருடையது. அப்புறம் அது சரியில்லை, இது சரியில்லை என்று புலம்ப உரிமை கிடையாது. விற்றவரே காரை ஓட்டிக்கொண்டு போய்ப் புது இடத்தில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது இன்னொரு வழக்கம்.

போன வருஷம் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே தொடையெலும்பு முறிந்து, தகடு வைத்தார்கள். “நடக்கலாம். படி மட்டும் இனிமே கூடவே கூடாது” என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி ஆட்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்து விட்டுப் போனார்கள். தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். தெருவில் தெரிந்த முகத்தைக் கண்டால் நின்று நாலு வார்த்தை பேசாமல் நகர மாட்டாள். அப்படிப்பட்டவள் இரண்டு அறைக்கும் ஒரு ஜன்னலுக்கும் நடுவில் நாலு கால் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தாள்.

வெளியூரில் இருக்கிற மகள் போனில் நேரடியாகவே சொன்னாள். “அப்பா, கீழ இருக்கற எடத்தை அம்மாவுக்கு ரூமாக்கிடுங்க. காரை வித்துடுங்க.”

“வித்துடலாம்மா” என்றார் உடனே. யாரும் வற்புறுத்தவில்லை. அந்த நிமிஷத்தில் அவர் மனதாரத்தான் சொன்னார்.

சங்கத்தில் சொன்னதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் ஓட்டல்காரர். காரை வாசலில் நிறுத்தி விளக்குப் போட்டு அலங்காரமாக வைக்கப் போகிறேன் என்றார். ஓடுகிற காரைப் பொம்மையாக்குவதா? நம்மவர் குறை சொல்ல ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். துரு எப்போது பிடித்தது, எப்படிப் பரவியது, எதை வைத்துச் சுரண்டினேன் என்று வம்ச வரலாறு சொன்னார். ஓட்டல்காரர் பாதியிலேயே கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். இரண்டாவது ஆள் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னார், அவருக்கும் அதே மருந்து. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஆட்களிடம் ஒரு குற்றமும் காண முடியவில்லை. அதனால் இன்னும் உருக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்றுமே இல்லாத இடத்திலும் கையை வைத்துப் பெருமூச்சு விட்டார். வந்தவர்கள், ஏதோ சாவு வீட்டுக்கு வந்தவர்களைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

ஒவ்வொரு முறையும் மேலே போய், “சரிப்பட்டு வரல” என்பார்.

“சரி” என்பாள் அவள். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள், அவ்வளவுதான் சொன்னாள். அதைக் கவனித்திருக்க வேண்டும். அவர் கவனிக்கவில்லை. மனசாட்சி சுத்தமாக இருப்பதாக அவருக்கு நினைப்பு. உள்ளதைத்தானே சொன்னேன், ஒரு பொய் உண்டா என்று தன்னையே கேட்டுக்கொள்வார். இப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

ஆறாவதாக வந்தது ஒரு மாட்டு டாக்டரம்மா. டார்ச் லைட்டோடு வந்தாள். தரையில் செய்தித்தாளை விரித்து, மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் நகர்ந்து பார்த்தாள். எழுந்து புடவையை உதறிக்கொண்டு, குறை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“இதெல்லாம் பரவால்ல சார். எங்கிட்ட வர்ற ஜீவனெல்லாம் இதைவிட மோசமாத்தான் வரும்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினாள்.

சாவி சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை. வாய்தான் போயிற்று.

“இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அடிச்சட்டத்துல விரிசல் இருக்கு. வெளில தெரியாது. வேகமா ஓட்டினா வண்டி ரெண்டாப் போயிடும்.”

விரிசலாவது ஒன்றாவது, ஒரு கீறல்கூடக் கிடையாது. இருக்கிற குறையை மறைக்கக்கூடாது என்று சங்கத்தில் வழக்கம் இருந்தது. இல்லாத குறையைச் சொல்லக்கூடாது என்று யாரும் வழக்கம் வைக்கவில்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று யாருக்குத் தோன்றும்? டாக்டரம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி சார், யோசிச்சுச் சொல்றேன்” என்று கிளம்பிவிட்டாள். அவர் கொட்டகையிலேயே நின்றார். தன் காரைப் பற்றித் தானே அவதூறு சொல்லிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அப்போதும் அவர் காரை நினைத்துத்தான் வெட்கப்பட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. வாசலில் ரேடியேட்டர், பின்னால் மாட்டு டாக்டரம்மா.

“நீ ஓரமா நில்லுப்பா. எங்களை மேல இருக்கற தங்கச்சி போன் பண்ணிக் கூப்பிட்டிருக்கு” என்று அவரை விலக்கிக்கொண்டு ரேடியேட்டர் படியேறினார்.

மேலே அவர் மனைவி நல்ல புடவை கட்டி, தலை வாரி, கை வைத்த மர நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை ஒரு பக்கம் ரேடியேட்டரும் மறுபக்கம் டாக்டரம்மாவும் பிடித்தார்கள். “கன்னுக்குட்டியத் தூக்கற கை, பயப்படாதீங்க” என்றாள் டாக்டரம்மா. நடைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்குவதைத் தவிர நம்மவருக்கு வேறு வேலை இல்லை.

கீழே வந்ததும் அவள் எழுந்து நின்றாள். சட்டத்தைத் தள்ளித் தள்ளி முன்பக்கம் போய், காரின் மூக்கில் கையை வைத்தாள்.

“கேட்டுக்கங்க டாக்டரம்மா. வெயில்ல ரொம்ப நேரம் நின்னா சூடாயிடும், நம்ம அண்ணன் மாதிரி.” ரேடியேட்டர் முறைத்தார். அவள் கதவுக்கு நகர்ந்தாள். “மழை பெஞ்சா இந்தப் பக்கம் ஒழுகும். முப்பது வருஷமா என் மடியிலதான் சொட்டிச்சு. ரெண்டாவது கியர் போட்டா அலறும், பயந்துடாதீங்க. இந்தக் கைப்பிடியெல்லாம் பல்செட்டு, ஆனா யாரும் வாயில போட்டதில்ல. பின் சீட்டுல பெரியவங்க உக்காந்தா தலை இடிக்கும்.” ஒவ்வொன்றுக்கும் அந்தந்த இடத்தில் கையை வைத்தாள். சுற்றிவர இருபது நிமிஷம் ஆயிற்று, நடந்த நேரத்தையும் சேர்த்து. கடைசியில் பின்பக்கம் வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

“அடிச்சட்டத்துல விரிசல் கெடையாது. இவரு பொய் சொன்னாரு. இவரு வாய் ஓயாமப் பேசுவாரு, அதுவும் ஒரு குறைதான். ஆனா அது காரோட வராது, எங்கிட்டயே இருக்கும்.”

டாக்டரம்மா அவள் பக்கமாகக் கையை நீட்டினாள். அவள் தலையை ஆட்டினாள்.

“சாவி எங்கிட்ட இல்லம்மா. அவரு பையில இருக்கு. அவருதான் குடுக்கணும்.”

நடைச் சட்டத்தைப் பிடித்திருந்த அவள் கைகள் நடுங்குவதை அவர் பார்த்தார். இவ்வளவு நேரம் நிற்கிற பழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகு அவரால் யோசிக்க முடியவில்லை. பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து டாக்டரம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். இந்த முறை கை தயங்கவில்லை.

வழக்கப்படி, சாவியைக் கைமாற்றாக வாங்கி, அவரே ஓட்டிக்கொண்டு போனார். “நானும் வர்றேன்” என்று மனைவி பக்கத்தில் ஏறிக்கொண்டாள். டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு ரேடியேட்டரின் கார் பின்னால் வந்தது. முக்கால் மணி நேர ஓட்டம். அவர் வழியெல்லாம் ஸ்டீயரிங்கையும் வேகம் காட்டும் முள்ளையும் பார்த்துக்கொண்டு போனார். அவளோ ஒரு நிமிஷம்கூடக் காரைப் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். “அட, பாலத்துக்குப் பெயின்ட் அடிச்சிருக்காங்க.” “அந்தத் தையல் கடை எங்க போச்சு?” “பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு மாடி கட்டிட்டாங்க பாருங்க.” எல்லாமே அவளுக்குப் புதிதாக இருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கொட்டகையில் காரை விட்டுவிட்டு, ரேடியேட்டரின் காரில் திரும்பினார்கள். வீட்டு வாசலில் ரேடியேட்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “சரி, நாற்காலியப் புடி, மேல கொண்டுபோய் விட்டுடலாம்” என்றார்.

“வேணாம்ணே. நான் மேல வரல” என்றாள் அவள்.

“கீழ வெறும் சிமென்ட் தரை. இன்னும் ஒண்ணுமே பண்ணல” என்றார் கணவர். “ஆள் விட்டு டைல்ஸ் போட்டு, சுண்ணாம்படிச்சு...”

“கட்டிலை எறக்குங்க. போதும்.”

கட்டிலைக் கழற்றி இறக்கி, மறுபடி பூட்டுவதற்குள் இரண்டு கிழவர்களுக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. ரேடியேட்டர் போன பிறகு அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கொட்டகை அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

“வந்தவங்களையெல்லாம் நான்தான் வெரட்டினேன்” என்றார்.

“தெரியும். மேல ஜன்னல்ல உக்காந்தா கீழ பேசறது அத்தனையும் கேக்கும்.”

“மொதல்லயே ஏன் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வித்திருப்பேனே.”

“நான் சொல்லி விக்கறதுக்கா காத்திருந்தேன்? நீங்களாக் குடுப்பீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு ஆள் வரும்போதும் புடவையை மாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன், இன்னிக்குக் கீழ போயிடுவோம்னு.” அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை. “அந்தப் பொண்ணுகிட்ட நீங்க பொய் சொன்னப்பதான், இவரு குடுக்கவே மாட்டாரோன்னு எனக்குப் பயம் வந்துச்சு.”

முப்பது வருஷம் அந்தக் காரின் சின்னச் சத்தத்தைக்கூட அடையாளம் கண்டவர். மேலே ஒருத்தி ஆறு தரம் புடவை மாற்றியது அவர் கண்ணில் படவில்லை. அதை நினைத்து அவர் அழுதார். கார் போனதற்காக அவர் அழவில்லை.

மறுநாள் காலை கொட்டகைக் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்தார். அவள் வாசலோரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எட்டு மணிக்குள் நாலு பேர் நின்று பேசிவிட்டுப் போனார்கள். மளிகைக்கடைக்காரர் சைக்கிளை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன சார், வித்தே வித்துட்டீங்களா? நல்ல ஆள் வரட்டும்னு இத்தனை நாள் காத்திருந்தீங்களே” என்றார்.

டீயைக் கொண்டுவந்து மனைவியின் கையில் கொடுத்தார் அவர்.

“நல்ல ஆளுங்க ஆரம்பத்துலேர்ந்தே வந்தாங்க” என்றார், அவளுக்கும் கேட்கும்படியாக. “நான்தான் இவளை அஞ்சு மாசம் மேலயே உக்கார வெச்சுட்டேன்.”