டீக்குப் போட்ட மாஸ்க்

ஐயம்பேட்டை ரோட்டில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குபவர் அவர். மீசை, புருவம் எல்லாம் ஈயச் சாம்பல். என் ஸ்கூட்டர் பேட்டரியோடு போனபோது, ஈயப் புகைக்கென்று யாரோ கொடுத்த மாஸ்க்கால் தன் டீ கிளாஸை மூடி வைத்திருந்தார்.

“அண்ணே, அது மூக்குக்கு இல்லையா?”

“மூக்குல முடி இருக்குதுபா. டீக்கு இன்னா இருக்குது?”

ஈயத்தூள் அப்பிய விரல்களால் டீக்கடை வடையைப் பிட்டுத் தின்றார். தின்று முடித்த பிறகுதான் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார்.

“முன்னாடியே கழுவக் கூடாதாண்ணே? ஈயம் வயித்துக்குள்ள போவுமே!”

“வயிறு நோவத்தான் செய்யுதுபா. அந்த டீக்கடை எண்ணெ சரியில்ல. மாத்திடறேன்.”

சொன்ன சொல் தவறாத மனிதர். போன வாரம் பார்த்தேன், டீக்கடையை மாற்றிவிட்டார். மாஸ்க் புதுக்கடை கிளாஸின் மேல் இருந்தது.