ரெக்சின் போட்ட மடிக்கணினி

என் மனைவி ஆஸ்திரேலியாவில் போய் இறங்கியதும் முதலில் கேட்டது, மிக்ஸிக்கு உறை போட்டீர்களா என்பதைத்தான். போட்டிருக்கிறேன் என்றேன். உண்மையில் அவள் போன நாளிலிருந்து நான் அதைக் கழற்றவே இல்லை.

எங்கள் வீட்டில் உறை போடாத உருப்படி என்றால் நானும் சுவர்க்கடிகாரமும்தான். கிரைண்டருக்கு உறை, வாஷிங் மெஷினுக்கு உறை, ஃப்ரிட்ஜின் கைப்பிடிக்குக்கூடப் பூப்போட்ட உறை. டிவி ரிமோட் கடையிலிருந்து எந்தப் பிளாஸ்டிக் தாளுக்குள் வந்ததோ அதற்குள்ளேயே வாழ்ந்து, அதற்குள்ளேயே உயிரையும் விட்டது. இதை அவளுடைய தனிக்குணம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் ஊரான நாமக்கல்லில் புது லாரி எடுத்தால் சீட்டோடு வந்த பாலித்தீனைக் கிழிக்க மாட்டார்கள். அதன்மேல் ரெக்சின் தைப்பார்கள், ரெக்சின் அழுக்காகாமல் இருக்க ஒரு துண்டை விரிப்பார்கள். அந்த லாரியைக் கடைசியில் உடைக்க வாங்குகிறவன்தான் அசல் சீட்டை முதல்முதலாகப் பார்ப்பான்.

மகளின் பிரசவத்துக்காகப் போனவள் அவள். நான் திருச்செங்கோடு சாலையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். மாதம் ஒருமுறை ஒரு பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். இரண்டையும் விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது என்று அப்போது சொன்னேன். விட்டால் இரண்டுக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், கல்லூரிக்கும் தெரியும்.

குழந்தை பிறந்தது. எப்போது வருகிறாய் என்று கேட்டேன். "தல நிக்கட்டுமுங்க" என்றாள். தலை நின்றது. "குப்புற உழுவட்டுமுங்க" என்றாள். விழுந்தது. பிறகு உட்கார வேண்டியிருந்தது. பிறந்த குழந்தை ஒவ்வொரு வித்தையாகக் கற்றுக்கொள்ளும் என்பதை நான் ஒரு பெண்ணை வளர்த்தவன் என்ற முறையில் அறிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் குழந்தை வளர வளர, இந்தப் பக்கம் நான் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். கேட்காமல் இருந்தால் பதிலும் வராது அல்லவா.

மடிக்கணினி வாங்கியது அதற்குப் பிறகுதான். செல்போனில் அவள் முகம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதில் குழந்தையின் காதும் மாப்பிள்ளையின் முழங்கையும் வேறு பங்கு கேட்டன. பெரிய திரையாக வாங்கி, சாப்பாட்டு மேஜையில் அவள் வழக்கமாக உட்காரும் பக்கத்தில் வைத்தால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று திட்டம். எனக்கு அரிசிம்பருப்புச் சாதம், அவளுக்கு அங்கே சாயங்கால டீ. நான் பனியனோடு வியர்த்துக்கொண்டிருப்பேன். அவள் ஸ்வெட்டரும் காலுறையுமாக இருப்பாள். ஒரே மேஜையில் இரண்டு பருவம்.

வாங்கிய மறுநாளே அதை எடுத்துக்கொண்டு சேலம் சாலையில் லாரி சீட் தைக்கும் குஷன் கடைக்குப் போனேன். அவள் இல்லாமல் நான் வாங்கிய முதல் பொருள் அது. இந்த வீட்டுப் பொருளாக அது ஆக வேண்டுமென்றால் அதற்கும் ஓர் உறை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் சார், இது எந்த வண்டி சீட்டுங்க?"

"வண்டி இல்லீங்க, கம்ப்யூட்டர்."

"அதுக்கென்னங்க. அதுல உக்காருவாங்க, இதுல தட்டுவாங்க. தையல் ஒண்ணுதானுங்க. மெரூன் போட்டு மஞ்சள் பைப்பிங் குடுத்தறலாமுங்களா?"

"குடுங்க. தூசி மட்டும் போகக்கூடாது."

"ஓரத்துல, அடியில எல்லாம் சன்னச் சன்னமாக் கீறல் உட்டுருக்கானுங்களே."

"தூசி போறதே அது வழியாத்தானுங்க."

"அப்ப ஸ்பாஞ்சு வெச்சு அடைச்சுப்போடலாமுங்க. எறும்பு போவாது."

இருவருக்கும் பரம திருப்தி. விசைப்பலகையும் திரையும் மட்டும் வெளியே தெரிய, மற்ற இடமெல்லாம் சுருக்கம் விழாமல் இழுத்துத் தைத்துக் கொடுத்தார். கழற்றவே முடியாத தையல். மூலையில் ஒரு குஞ்சமும் இலவசமாகத் தொங்கியது. மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தபோது, சின்ன லாரி ஒன்றுக்கு உரிமையாளனான பெருமை எனக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது முதல்முறையாக நின்றது.

நின்றது என்றால் அணையவில்லை. பேசிக்கொண்டிருந்தவள் வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் மூடியபடி அப்படியே நின்றுவிட்டாள். சத்தமும் போயிற்று. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசைவில்லை. சற்று நேரத்தில் செல்போன் அடித்தது.

"ஏனுங்க, அப்படியே செலையாட்ட நின்னுட்டீங்க! வாயில சோத்த வெச்சுக்கிட்டு!"

"நீதான் நின்னுட்ட, அம்மிணி."

"நான் இங்க நடந்துட்டுதானுங்க இருக்கறேன்."

அதன்பின் வாராவாரம் அதேதான். நிற்பதிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. குழந்தை குளித்ததைச் சொல்வாள், மாப்பிள்ளை சமைத்ததைச் சொல்வாள், அங்கே கறிவேப்பிலை விற்கிற விலையைச் சொல்வாள். அவள் பிறந்த வீடு ஜேடர்பாளையத்தில், காவிரிக் கரையில்; ஆற்றுச் சத்தத்துக்கு மேல் குரல் எழுப்பிப் பழகிய குடும்பம். அவளுக்குப் பேச்சு நிற்காது. அதெல்லாம் முடிந்து, நான் தட்டைப் பார்த்தபடி தொண்டையைச் செருமி, எப்போது வருகிறாய் என்று கேட்க வாயெடுக்கும் நேரத்தில் திரை நின்றுவிடும். பிறகு போனில் பேசுவோம். போனில் எதைப் பற்றிப் பேசுவோம் என்றால், மடிக்கணினி நின்றதைப் பற்றி.

நான் சும்மா இருக்கவில்லை. அணைத்துப் போட்டேன். புதுப்பித்தேன். தெரியாத எதையோ நீக்கி, நீக்கியது வேண்டும் என்று அது சொன்னதும் மறுபடி ஏற்றினேன். இணையக் கம்பியை மாற்றினேன். பக்கத்து வீட்டு லாரி உரிமையாளர் வந்து பார்த்தார். மெரூன் ரெக்சினைத் தடவிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று தலையை ஆட்டினார்.

"கண்ணு பட்டுருச்சுங்க வாத்தியாரே. இத்தன லட்சணமா வெச்சுருந்தா நிக்காம என்ன பண்ணும்? கறுப்புக் கயிறு கட்டுங்க."

"கம்ப்யூட்டருக்குமா?"

"லாரிக்குக் கட்டறோமில்லீங்க? அதுவும் மிசினு, இதுவும் மிசினு."

மூடநம்பிக்கைகளைக் கிண்டலடித்து நான் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்தால் ஒரு சிறு நூல் தேறும். அந்த நூலின் ஆசிரியர் அன்று மாலையே குஞ்சத்தின் அருகில் கறுப்புக் கயிறு கட்டினார். அடுத்த ஞாயிறும் அது நின்றது.

ஒன்று சொல்ல வேண்டும். நின்றதும் நான் உடனே அணைத்துவிடுவதில்லை. அவள் போனில் பேசி வைத்த பிறகும் அந்த அசையாத முகம் திரையில் இருக்கும். அதன் எதிரே உட்கார்ந்துதான் ரசம் சாதத்தை முடிப்பேன். சில வாரங்களில் அந்த முகத்திடமே, "எப்ப வாரே?" என்று கேட்டிருக்கிறேன். பதில் வராது. குழந்தை தவழட்டும் என்றும் சொல்லாது. அந்த வகையில் பேசுவதற்குச் சௌகரியமான முகம்.

கம்பெனியின் உதவி எண்ணுக்கும் அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். மதுரைப் பக்கத்துப் பேச்சு. சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். முடிவில், "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று கேட்டார். அது எல்லோரிடமும் கேட்கச் சொல்லிக் கொடுத்த கேள்வி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வீட்டுக்குள் அப்படி ஒரு கேள்வி ஒலித்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் உடனே வைக்காமல், "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றேன். அவரும் காத்திருந்தார், பாவம்.

பிறகும் சிலமுறை அடித்தேன். யார் எடுத்தாலும் அணைத்துப் போடச் சொன்னார்கள். ஒருநாள் மறுபடி அதே பெண்.

"சார், கால் பேசும்போது மட்டும்தான நிக்கிது? இப்ப ஆன்ல இருக்குல்ல? அடியில கைய வெச்சுப் பாருங்க. காத்து வருதா?"

வைத்தேன்.

"காத்து வரலம்மா. மெத்துன்னு இருக்குது."

"மெத்துன்னா?"

"ஸ்பாஞ்சு."

"சார், லேப்டாப்புக்கு அடியில கைய வைங்க. மெத்தைக்கு அடியில இல்ல."

"லேப்டாப்புதாம்மா. ரெக்சின் தெச்சுருக்கேன். லாரி சீட்டுக்குப் போடற நயம் ரெக்சின்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இதுவும் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். சத்தத்தை அடைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார். திரும்பி வந்தபோது குரல் மிகவும் அலுவலகமாக இருந்தது.

"சார், அது மூச்சு விடுறதே அந்த ஓட்டை வழியாத்தான். சூடானா தன்னைக் காப்பாத்திக்க நின்னுக்கும். தையலைப் பிரிச்சிருங்க சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"இல்லம்மா" என்றேன். அந்த எண்ணுக்கு அடிக்க இனி எனக்குக் காரணம் இருக்காது என்பது வைத்த பிறகுதான் உறைத்தது.

பிளேடால் பிரித்தேன். லாரி தாங்கும் நூல்; சுலபத்தில் விடவில்லை. உரித்துப் போட்ட மெரூன் சட்டை மேஜையில் கிடக்க, மெலிந்து வெறும் உடம்பாக அது இருந்தது. இயக்கியதும் உள்ளேயிருந்து ஒரு மெல்லிய காற்றுச் சத்தம் வந்தது. வாங்கிய நாளிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழந்தை குளித்தது முடிந்தது, மாப்பிள்ளை சமைத்தது முடிந்தது, கறிவேப்பிலையும் முடிந்தது. திரை நிற்கவில்லை. இருவரும் அது நிற்பதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.

"ஏனுங்க, இன்னும் நிக்கலீங்களே?"

"இனி நிக்காது" என்று உறைக் கதையைச் சொன்னேன். கறுப்புக் கயிறு வரும்போது அவள் சிரிக்க ஆரம்பித்து, மூக்கை ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டு, "அய்யோ சாமி, அய்யோ சாமி" என்று மேஜையைத் தட்டினாள். அங்கே பக்கத்து அறையில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவள் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"உங்கள ஆரு அதுக்கெல்லாம் உறை போடச் சொன்னது?"

"நீ வந்தா கேப்பியேன்னுதான்."

வாய்தவறி வந்துவிட்டது. வந்ததை விழுங்க முடியாது. திரையும் நின்று உதவவில்லை.

"எப்ப வாரே, அம்மிணி?"

அவள் அசையவில்லை. வாய் பாதி திறந்திருந்தது. கண்கள் என்னைப் பார்த்தபடி நிலைத்திருந்தன. பழக்கதோஷத்தில் என் விரல் அணைக்கும் பொத்தானுக்குப் போயிற்று. அப்போதுதான் அவளுக்குப் பின்னால் ஜன்னல் திரை லேசாக அசைவதைப் பார்த்தேன். கொடியில் தொங்கிய குழந்தையின் சட்டையும் அசைந்தது. விரலை எடுத்துக்கொண்டேன்.

"தெரியலீங்க" என்றாள்.

குழந்தை நடக்கட்டும் என்று சொல்லவில்லை. பல் முளைக்கட்டும் என்று சொல்லவில்லை. அங்கே அவளுக்கு வேலை இருக்கிறது. பேச ஆள் இருக்கிறது. அழுதால் தூக்க ஒரு குழந்தை இருக்கிறது. நாமக்கல்லில் உறை போட்ட சாமான்களும் நானும் இருக்கிறோம். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டுக்கொண்டேன், பொருளாதாரம் படித்தவன்.

"இத்தன நாளா நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றாள். "கேக்கவே மாட்டீங்கன்னு இருந்தேன்."

"கேக்கறப்பெல்லாம் நின்னுருச்சு."

"போன்ல கேக்கலாமில்லீங்க. போனு நிக்கலையே."

தட்டில் இருந்த சோற்றை மறுபடி பிசைந்தேன். மடிக்கணினிக்குள் அந்தச் சின்ன விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ரசம் ஆறிப்போவுமுங்க. சாப்பிடுங்க."

"நீ போய்க் கொழந்தையப் பாரு. அழுவுது."

"அவங்கம்மா பாத்துக்குவா. நீங்க சாப்பிடுங்க, நான் இருக்கறேன்."

சாப்பிட்டேன். அவள் எதிரே கையில் டீயோடு உட்கார்ந்திருந்தாள், அவ்வப்போது கண் சிமிட்டியபடி. அன்று கொஞ்சம் மெதுவாகவே சாப்பிட்டேன். மோருக்கு வந்தபோது உப்பு இல்லை என்று தெரிந்தது. எழுந்துபோய் எடுத்து வர மனம் வரவில்லை.