ஐஸ் அறையில் படுத்த அத்தை

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், கங்கைத் தீர்த்தச் செம்புக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அதற்குள் ஒரு வாத்து இறகு. வீட்டுக்கு வருகிறவர்கள், மயிலிறகு வைக்கிற இடத்தில் இது எதற்கு என்று கேட்பார்கள். மூச்சுப் பட்டாலே பறந்துவிடும் என்பதால்தான் குப்பி. அது வந்த விதத்தைச் சொல்வதென்றால் என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தை, அப்பாவின் தங்கை. எங்கள் ஊரான தேவாரத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போடிக்கு ஏலக்காய் தரம் பிரிக்கப் போவாள். ஏலக்காய்க்குத் தரம் பார்ப்பது இப்படித்தான்: ஒரு லிட்டர் படி நிறையக் காயைப் போட்டு நிறுப்பார்கள். எடை கூடினால் நல்ல சரக்கு, குறைந்தால் சொத்தை. அத்தைக்குத் தராசு வேண்டாம். படியைக் கையில் தூக்கியதும் சொல்லிவிடுவாள். முதலாளியே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன்பு எனக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்து, பிள்ளை பிழைத்தால் கேதாரநாதரை நேரில் வந்து கும்பிடுகிறேன் என்று அப்பா நேர்ந்திருந்தார். கோயில் கூட்டத்தோடு போவதற்கு ஒரே ஒரு இடம் கிடைத்தது. ஆனால் அப்பாவுக்கு மூச்சு இளைப்பு உண்டு. அம்மா மறித்துவிட்டாள்.

"மார்கழிப் பனிக்கே ஒங்க அண்ணனுக்கு நெஞ்சு விசிலடிக்குது. அங்கன போயி ஐஸுல படுக்கவா? சாமி இங்கனயும்தான் இருக்காரு."

"குளிருக்கு நான் பொறுப்பு மதினி. நேந்தத வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது," என்றாள் அத்தை.

மூணாறுப் பக்கம் மலையேற வருகிற வெளிநாட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற சாமான்களை வாங்கி விற்கும் கடை ஒன்று போடியில் இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் இரண்டு தூங்கும் பைகளை எடுத்துப் போட்டார். உள்ளே புகுந்து கழுத்து வரைக்கும் ஜிப்பை இழுத்துக்கொள்கிற பை. இரண்டிலும் அடைத்திருப்பது வாத்து இறகுதான் என்றார்.

அத்தை இரண்டையும் இரண்டு கையில் தூக்கினாள். ஒன்று கல் மாதிரி கனம். இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

"லேசா இருக்கிறதுதான்க்கா ஒசத்தி," என்றார் கடைக்காரர்.

"அண்ணாச்சி, எங்கிட்டயா? பதினெட்டு வருசமா சொத்தையும் சரக்கும் பாக்குற கையி இது," என்று சொல்லிக் கனமான பையை எடுத்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் பேசி வைத்தாள்.

அங்கிருந்து நேரே ஐஸ் கம்பெனிக்குப் போனோம். அதை நடத்தியவர் எனக்குச் சித்தப்பா முறை. ஐஸ் கட்டி அடுக்கியிருக்கும் அறையில் கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்க வேண்டும் என்று அத்தை கேட்டதும் அவர் என்னைப் பார்த்தார்.

"என்ன ஆத்தா, ஒங்க அத்தைக்கு வீட்டுல எடமில்லையா?"

"அண்ணன அனுப்புற எடத்துக்கு நான் முன்னாடி போயிப் பாக்க வேணாமா?" என்று அத்தையே பதில் சொன்னாள்.

கட்டிகளின் மேல் பலகை போட்டு, பைக்குள் புகுந்து படுத்தாள். கால் மணி நேரம் ஆகவில்லை. உதடு வெளுத்து, பல் தந்தியடிக்க வெளியே வந்தாள். சித்தப்பா டீ வாங்கிக் கொடுத்தார். அத்தை குடிக்காமல் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பையின் துணியைக் குத்திக்கொண்டு முள் முள்ளாக வெளியே தெரிந்ததையெல்லாம் வழி நெடுக நான் பிடுங்கிக்கொண்டே வந்திருந்தேன். ஒரு கை நிறையச் சேர்ந்துவிட்டது. பயந்துகொண்டே நீட்டினேன். அத்தை அடிக்கவில்லை. உள்ளங்கையில் வாங்கி ஊதினாள். ஒன்றும் பறக்கவில்லை.

"எல்லாம் இறகோட காம்பு. காம்பு கிள்ளாத சரக்க எடை போட்டுத் தூக்கிட்டு வந்திருக்கேன்," என்றாள்.

மறுபடியும் கடைக்குப் போனோம். இரண்டு பைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, முழங்கையால் அழுத்திவிட்டு எடுத்தாள். கனமான பை அமுங்கியது அமுங்கியபடி கிடந்தது. லேசான பை, புளித்த மாவு பொங்குவது போல மெதுவாக எழும்பி எழும்பி என் முழங்கால் உயரத்துக்கு வந்தது. தையல் ஓரத்திலிருந்து ஓர் இறகு கிளம்பியது. அதில் காம்பே இல்லை. வாத்தின் நெஞ்சுப் பக்கத்துப் பஞ்சு. காற்றில் நின்று நின்று இறங்கியது. நான் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"நம்ம கணக்கு இதுல தலகீழா இருக்குண்ணாச்சி," என்றாள் அத்தை. "காயில ஒரு படி எம்புட்டு எடை நிக்கிதுன்னு பாப்போம். இதுல இம்புட்டு எடை எத்தன படிய நெறைக்குதுன்னு பாக்கணும். குளிர மறிக்கிறது இறகு இல்ல. அதுக்குள்ள அடைஞ்சு கெடக்குற காத்து."

"அதத்தான நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னீக. என் கைதான் கேக்கல."

பதினெட்டு வருடக் கை தப்புச் செய்ததை, கடைக்காரர் முன்னாலேயே, அவ்வளவு லேசாகச் சொன்ன ஆளை இன்றுவரை நான் வேறு பார்க்கவில்லை.

திரும்பவும் ஐஸ் அறை. இந்த முறை ஒரு மணி நேரம். கதவை ஒருக்களித்து வைத்து நான் எட்டிப் பார்த்தேன். அத்தை கண்ணை மூடி, ஜிப்புக்கு வெளியே இரண்டு கையையும் எடுத்துக் கூப்பிக்கொண்டு, நமசிவாய என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கட்டிகளிலிருந்து புகை எழும்பி அவளைச் சுற்றி நின்றது. பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"போதும் தாயி, வெளிய வா," என்று சித்தப்பா கூப்பிட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம்ண்ணே."

வெளியே வந்தபோது அவள் கழுத்தில் வேர்வை இருந்தது.

நனைந்தால் இந்த இறகு ஒட்டிப்போய் ஒன்றுக்கும் உதவாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஏலக்காய் மூட்டைக்குள் போடுகிற பிளாஸ்டிக் பையை அலசிக் காயவைத்து, அத்தை தூங்கும் பைக்கு உறை தைத்துக் கொடுத்தாள். அம்மா விரலை விட்டு அழுத்திப் பார்த்தாள். அது எழும்பி வந்ததைப் பார்த்துவிட்டு, திருநீறு பூசி அப்பாவை அனுப்பி வைத்தாள்.

அப்பா நல்லபடியாகத் திரும்பி வந்தார். "ஜிப்பப் போட்டுட்டா நம்ம ஊரு சித்திர வெயில்தான். என்ன, ராவெல்லாம் ஏலக்கா வாசம்," என்றார்.

அத்தை ஒன்றுதான் கேட்டாள். "விடியும்போது அந்த மலை எப்படிண்ணே இருந்துச்சு?"

அப்பா சொல்லிக்கொண்டே போனார். அத்தை அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் நடுவில் புகுந்து, "அத்த அன்னைக்கு ஐஸ் ரூமுக்குள்ள பயந்துபோயி சாமி கும்பிட்டுச்சு," என்று போட்டுக் கொடுத்தேன்.

"ஆமா ஆத்தா, பயந்துட்டேன்," என்று சிரித்தாள்.

யாத்திரைக்கு முதலில் பெயர் கொடுத்தவள் அத்தைதான் என்பதையும், கிடைத்த அந்த ஒரே இடம் அவள் பெயருக்குத்தான் வந்தது, அதை அவள் அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தாள் என்பதையும் என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள். பயந்தவள் எதற்காக அந்த ஐஸுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள் என்று ஒன்பது வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.