தவிட்டுக்கு விற்ற எட்டு நாள்

என் மகளை ஒரு முறம் தவிட்டுக்கு விற்றேன். அறுபதுகளின் நடுவில், பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ஊரில். அவளுக்கு அப்போது நான்கு வயது. இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். குறையுள்ள பிள்ளைக்கு எங்கள் பக்கம் அப்படிச் செய்வதுண்டு. நிறையப் பெற்று எல்லாவற்றையும் ஆளாக்கிய ஒருத்தி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். பெற்றவளின் தோஷம் அதோடு அறுந்துவிடும் என்பார்கள். எட்டாம் நாள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அழைத்து வரலாம்.

என் மகளுக்குச் சீக்கு ஒன்றும் இல்லை. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். கொட்டாங்குச்சிகளை வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பாள். யாராவது ஒன்றை நகர்த்திவிட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வாள். தூக்கினால் விறைத்துப்போவாள். படுக்கும்போது மட்டும் ஒரு காலைக் கொண்டுவந்து என் வயிற்றின்மேல் அழுத்தி வைத்துக்கொள்வாள். எனக்கு அது போதுமாயிருந்தது. என் மாமியாருக்குப் போதவில்லை.

"பெத்தவகிட்டயே ஒட்டாத புள்ளைய எங்கியாச்சும் பாத்திருக்கியா? உங்கிட்டதான் என்னமோ இருக்குது."

தினமும் இதைக் கேட்டுக் கேட்டு நானே நம்பிவிட்டேன். மேலத்தெருவில் ஆறு பிள்ளை பெற்ற ஒரு அக்கா இருந்தாள். நல்ல மனுஷி. தவிட்டை என் முந்தானையில் கொட்டிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு நாளைக்கு எங்கூட்டுப் பக்கம் தல காட்டாத கண்ணு. நீ வந்து பாத்துட்டா வித்தது வித்ததா ஆவாது."

அவள் வீட்டைத் தாண்டித்தான் எங்கள் கடலைக்காட்டுக்குப் போக வேண்டும். எட்டு நாளும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு களையெடுக்கப் போனேன். ஒருநாள் மனம் கேட்காமல் தெருமுனை வரை போய்விட்டேன். பிறகு பயந்துகொண்டு திரும்பி வந்தேன்.

எட்டாம் நாள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து அழைத்து வரப் போனபோது, மகள் தூணைத் தாண்டுவதுபோல என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். அன்று படுக்கையில் அவள் கால் வரவில்லை. நானே எடுத்து என்மேல் வைத்தேன். இழுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்குப் பிறகு என்றைக்குமே வைக்கவில்லை.

பேச்சும் வரவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எட்டு நாள் காணாத தாயைத் தேடாத பிள்ளை என்ன பிள்ளை? கேட்டவர்களிடமெல்லாம், "இதுக்கு நானும் ஒண்ணு, ஆட்டுக்குட்டியும் ஒண்ணு. அம்மான்னா யாருன்னே தெரியாது" என்பேன். அப்படிச் சொல்லிச் சிரிக்கவும் பழகிக்கொண்டேன்.

எழுபதுகளில் சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பிறவியிலேயே இப்படி, யார் தப்பும் இல்லை, தோஷமும் இல்லை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நிம்மதியாக அழுதேன். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் மேலத்தெரு அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று பார்க்கப் போனேன். மகளையும் கூட்டிப்போனேன். அவளுக்குப் பதினாலு வயது. அக்கா அவள் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உங்கிட்டச் சொல்லாம வெச்சிட்டேன் கண்ணு. வித்த அன்னிக்கி இருந்தே இது வேலிப்படலப் புடிச்சிக்கிட்டு நின்னுக்கிச்சு. சோறு திங்கல. 'ம்மா, ம்மா'ன்னு ஒரே அழுக. சொன்னா நீ ஓடியாந்து தூக்கிட்டுப் போயிருவ, எல்லாம் வீணாப் போயிரும்னு வாய மூடிக்கிட்டேன். ஏழாம் நாளு தானா அடங்கிப்போச்சு."

சாகக் கிடப்பவளிடம் என்ன கோபப்படுவது? நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள். பத்து வருஷமாக, அம்மா என்றால் யாரென்று தெரியாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். சொன்ன ஒவ்வொரு முறையும் இவளைப் பக்கத்தில்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.