மூணு அடிச்சா சும்மா வாங்க

இது நடந்தது. நடுராத்திரி, நாய் ஊளை, இடி மின்னல் எதுவும் இல்லை. நல்ல வெயில் காயும் பகலில் நடந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த பெல் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறது.

அந்த வீட்டு மருமகளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாமனார்கூட அப்படித்தான். அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய், குரலும் உள்ளே இறங்கிவிட்ட பிறகு, பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு போட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். கணவனுக்கு வீட்டிலிருந்தே இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை. காலையில் காதில் ஹெட்போனை மாட்டினால் இருட்டிய பிறகுதான் கழற்றுவான். அப்பா அவனுக்கு வைத்த பட்டப்பெயர், ஹெட்போன் துரை.

கூப்பிட்டாலும் காதில் விழாத மகன். கூப்பிடக் குரலே இல்லாத அப்பா. அதற்காக வாங்கியதுதான் அந்த வயர் இல்லாத பெல். துரை நாள்கணக்கில் இன்டர்நெட்டை அலசி, வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்து, ஆர்டர் போட்டான். பட்டனைக் கட்டில் கம்பியில் கட்டினார்கள். சத்தம் போடும் பெட்டியைச் சமையலறை பிளக்கில் சொருகினார்கள்.

"நூறு மீட்டர் வரைக்கும் எட்டும்ப்பா," என்றான் துரை பெருமையாக.

"அடுத்த ரூமுக்கு எதுக்குடா நூறு மீட்டர்?" காற்றைப் போல வந்தது பெரியவரின் குரல்.

டீச்சர் அல்லவா, அவளே ஒரு கணக்கு வகுத்துக் கொடுத்தாள். ஒரு தடவை அடித்தால் தண்ணீர். இரண்டு அடித்தால் பெட்பேன்.

"மூணு அடிச்சா என்ன மாமா?"

யோசித்தார். "மூணு அடிச்சா சும்மா வாங்க. வந்து கொஞ்ச நேரம் உக்காருங்க."

ஒன்றாலும் இரண்டாலும் வீட்டில் தகராறு இல்லை. மூன்றுதான் துரைக்குப் பொறுக்கவில்லை. "லைன்ல இருக்கும்போது அடிக்கிறாரு. கஸ்டமர் கேக்கறான், என்ன சார், ஸ்கூல் விட்டாச்சான்னு!" என்று கத்துவான். மூன்று அடிக்கும்போதெல்லாம் டீச்சர் போய் உட்காருவாள். துரை ஒரு தடவைகூடப் போனதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது துரையின் கம்ப்யூட்டர் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஒவ்வொரு காலையும் தேதி எங்கோ பழைய வருஷத்தில் போய் நிற்கும். ஆபீஸ் சாப்ட்வேர் உள்ளே விடாது. மேனேஜரிடம் செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒரு நாள் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்து தானே சரிசெய்தான். "இதுக்குப் போய் மெக்கானிக்கா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அதே நாளிலிருந்து பெல் அடிக்கவில்லை. மாமா நன்றாகத் தூங்குகிறார் என்று டீச்சர் சந்தோஷப்பட்டாள். ஆனால், அவள் போகும்போதெல்லாம் அவர் பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். இப்போது வெறும் காற்றுதான் வந்தது.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, மதியம். டீச்சர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

டிங் டாங். டிங் டாங். டிங் டாங்.

மூன்று. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவளை, துரை ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு தடுத்தான்.

"நம்ம பெல் இல்ல. பக்கத்து வீட்டுது. இந்த மாடல் எல்லாம் ஒண்ணு அமுக்கினா இன்னொண்ணு அடிக்கும்."

"இல்லீங்க, மூணு அடிச்சுதே..."

"அப்பா பெல் இல்லைங்கறேன்ல? எனக்குத் தெரியும். போய் வேலையைப் பாரு."

அடித்துச் சொன்னான். அவள் நம்பினாள்.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு சத்தம். டிங் டாங். ஒன்றே ஒன்று.

அதற்கும் அவள் போகவில்லை.

சாப்பாட்டுத் தட்டோடு போனபோது அவர் உடம்பு சில்லிட்டிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. விரல் பட்டன் மேல்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். டீச்சருக்கு ஒரே கேள்வி நெஞ்சில் முள்ளாக நின்றது. மாமா அன்றைக்குக் கூப்பிட்டாரா, இல்லையா? அது மட்டும் தெரிந்தால் போதும். அது தெரியாமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

வீடு அடங்கிய முதல் மதியம்.

டிங் டாங். டிங் டாங். டிங் டாங்.

துரையின் முகம் வெளுத்தது. "பக்கத்து வீடு," என்று முணுமுணுத்துவிட்டு ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான். அப்போது அவனுக்கு எந்த போன் காலும் வந்திருக்கவில்லை. திரை இருட்டாக இருந்தது. அப்பா போன துக்கம் என்று நினைத்தாள் டீச்சர்.

நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"பெல்லா? எங்க வீட்டுல ஏது பெல்லு?" என்றாள் அந்த வீட்டு அக்கா. "யாராவது கதவைத் தட்டினா எங்க வீட்டுக்காரர் கத்துவார். அதான் எங்க பெல்லு."

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டியைக் கழற்றி எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் பிளக்கில் போட்டுப் பார்த்தார். குத்தம் ஒன்றுமில்லை. ஒரு குச்சியால் பின்பக்க ஓட்டையை அழுத்தி, நினைவை அழித்துக் கொடுத்தார்.

"இனிமே எந்தப் பட்டனும் இதுக்குத் தெரியாது மேடம். நீங்களே ஆசைப்பட்டு அமுக்கினாலும் வாயைத் திறக்காது."

வீட்டுக்கு வந்து சொருகினாள்.

டிங் டாங். டிங் டாங். டிங் டாங்.

பெட்டியைப் பிளக்கிலிருந்து பிடுங்கினாள். சமையல் மேடையில் வைத்தாள். கரண்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக் டப்பா.

மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம்...

டிங் டாங்.

மேடை மேலிருந்துதான்.

டிங் டாங்.

டப்பா அதிர்ந்து நகர்ந்தது.

டிங் டாங்.

அவள் மாமாவின் அறையைத் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. கட்டில் காலி. கம்பியில் தொங்கிய பட்டனை அமுக்கினால் ஒரு நீல விளக்கு எரியும்.

எரிந்தது.

அணைந்தது.

யாருமில்லை.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவள் போகவில்லை. போகப் பயமாக இருந்தது. போகாமல் இருக்க வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வாரம் துரையின் கம்ப்யூட்டர் மொத்தமாகப் படுத்துவிட்டது. மெக்கானிக் வந்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தூசியை ஊதினான். வாயாடி. டார்ச் அடித்துப் பார்த்தவன் குலுங்கிச் சிரித்தான்.

"சார், நானும் எத்தனையோ மதர்போர்டு பார்த்திருக்கேன். மாமான்னு பேர் எழுதி வெச்சிருக்கறதை இன்னைக்குத்தான் பார்க்கறேன். யாரு சார் இந்த மாமா?"

டீச்சர் எட்டிப் பார்த்தாள். தேதியை நினைவு வைப்பதற்காகக் கம்ப்யூட்டருக்குள் சொருகும் பேட்டரி. காசு மாதிரி வட்டமாக, பளபளவென்று. அதன் மேல் கறுப்பு மார்க்கரில் குண்டு குண்டாக இரண்டு எழுத்து.

அவள் கையெழுத்து.

எதை மாற்றினாலும் பெயர் எழுதி வைப்பது டீச்சர் பழக்கம். பெல் பட்டனுக்கு அந்தப் பேட்டரியைப் பெயர் எழுதிப் போட்டதும் அவள்தான்.

மெக்கானிக் போனதும் அவள் துரையின் பக்கம் திரும்பினாள்.

"சாயங்காலம் புதுசு வாங்கிப் போட்டுடலாம்னு நெனச்சேன்," என்றான் துரை. "ரெண்டும் ஒரே சைஸு. அவசரத்துக்கு எடுத்தேன். அப்புறம்... மறந்தே போச்சு."

"அன்னைக்கு மத்தியானம்?"

"அதான் அவ்வளவு உறுதியா சொன்னேன். அவர் பட்டன்ல பேட்டரியே இல்லையே. அது எப்படி அடிக்கும்?"

டீச்சர் அறைக்குள் போனாள். இப்போது பயமில்லை. பட்டனைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, நகத்தால் மூடியை நெம்பினாள்.

உள்ளே வட்டமான வெறும் குழி. தூசி படிந்திருந்தது.

இந்த வெறும் குழியோடுதான் அந்த நீல விளக்கு எரிந்தது. அப்படியென்றால் அன்றைக்கும் அவர் கூப்பிட்டிருக்கிறார்.

அதைக் கொண்டுவந்து துரை முன்னால் வைத்தாள். அவன் ஹெட்போனைத் தேடிக் கையை நீட்டினான். அவள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டாள்.

சமையல் மேடையிலிருந்து சத்தம் வந்தது.

டிங் டாங்.

இருவரும் காத்திருந்தார்கள்.

அவ்வளவுதான். ஒன்று.

டீச்சர் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்தாள். அவன் கையில் வைத்தாள்.

"உங்க அப்பா தண்ணி கேக்கறார். கொண்டு போங்க."

"என்னடி பேசற நீ..."

"போங்க."

போனான். தண்ணீர் அலைந்து தரையெல்லாம் சொட்டியது. உள்ளே போனதும் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அவன் சாத்தவில்லை என்று பிற்பாடு சத்தியம் செய்தான்.

ஒரு சத்தமும் இல்லை.

கதவு திறந்தது.

துரை நின்றான். அந்தக் கொஞ்ச நேரத்தில் கன்னம் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தான். கையில் டம்ளர். வழியில் சிந்தியது போக, மீதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

டீச்சர் கேட்காமலே சொன்னான்.

"என் கையால வேண்டாமாம்."